முழங்கால் பார்க்கிற வேலை

நடைப் போட்டி நடுவரின் தொழில், தன்னைவிட மூன்று மடங்கு வேகமாக நடந்துபோகிற ஒருவரைப் பார்த்து "உனக்கு நடக்கத் தெரியவில்லை" என்று சொல்வது. கூலி, ஒரு கோப்பியும் சீஸ் வைத்த பாண் துண்டும். மழை இலவசம்.

விடைத்தாள் திருத்துகிறவர்கள், ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர்கள், மாமியார் வீட்டுக் குழம்பில் உப்புக் குறைவு என்று முதல் விருந்திலேயே உண்மை பேசியவர்கள், இவர்களெல்லாம் என் இனம். பிழையைக் காட்டினவன்தான் கடைசியில் பிழைகாரன் ஆவான் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விதிகளை மட்டும் விளக்கிவிடுகிறேன். அவை இரண்டே இரண்டு. எந்தக் கணத்திலும் ஒரு பாதமாவது நிலத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். முன்னே வைக்கிற கால், நிலத்தைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கைப்பிடி வைத்த மஞ்சள் தட்டைத் தூக்கிக் காட்டுவோம். சந்தேகம் தீர்ந்தால் சிவப்பு அட்டை ஒன்று எழுதி அனுப்புவோம். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து சிவப்பு வந்துவிட்டால் தலைமை நடுவர் முன்னே போய்ச் சிவப்புத் தட்டைக் காட்டுவார். ஆள் வெளியே. நாங்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசக் கூடாது. குனிந்தும் பார்க்கக் கூடாது. நிமிர்ந்து நின்று, தனியாக, அடுத்தவரின் முழங்காலைப் பார்க்கவேண்டும்.

இனி வரும் சம்பவங்களில் பெரும்பாலானவை மிரெல்லா என்கிற இத்தாலியப் பெண்ணைப் பற்றியவை. ஒருகாலத்தில் தன் நாட்டுக்குப் பதக்கங்கள் வாங்கிக்கொடுத்த நடைச் சம்பியன். என் கண்ணில் பட்டது அவருக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல.

வராதவருக்கு வந்த பதவி

டென்மார்க்கில் சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் விடுவது ஆபத்தான செயல். போகிறவர்கள் கேக் சுடுவது, கூடாரம் அடிப்பது, கோப்பி ஊற்றுவது போன்ற சுகமான பொறுப்புகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். மிச்சமிருப்பதை வராதவர் தலையில் கட்டுவார்கள். என் மகள் நிலானி நாங்கள் குடியிருக்கும் எஸ்பியர்க்கில் ஒரு விளையாட்டுச் சங்கத்தில் நடைப் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம், பெற்றோர் கூட்டத்தன்று நான் நாட்டின் மறுகோடியில், ஹ்விடோவ்ரேயில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் இருந்தேன். திரும்பி வந்தபோது நடுவர் பயிற்சிக்கு என் பெயர் போயிருந்தது.

பயிற்சி கொடுத்தவர் கிர்ஸ்டன். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எங்கள் பக்கத்துப் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் தலைமை நடுவர். "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டார். தொழிற்சாலையில் ரப்பர் வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என்றேன். கிர்ஸ்டன் என்னை ஒரு நல்ல கடைவாய்ப்பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் விதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

அடுத்த கோடைக்குள் நிலானிக்கு நடை அலுத்துவிட்டது; ஹாண்ட்போலுக்குப் போய்விட்டாள். நானும் கூடவே மாறலாமா, அங்கேயும் நடுவர் வேலை இருக்குமா என்று கேட்டேன். அவள் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னாள்: "இருக்கு அப்பா. ஆனால் அங்கே நடுவரை எல்லாரும் சத்தமாகத் திட்டுவார்கள். உங்களுக்கு மெல்லிய குரலில் திட்டுகிற இடம்தான் பொருந்தும்."

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும்

ஒரு போட்டியில் ஒரு தகப்பன் தன் கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். அவருடைய மகன் இரண்டாவதாக வந்திருந்தான். முதலாவதாக வந்த பையனைப் படம் எடுத்து, மிக மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். உண்மைதான், இரண்டு பாதமும் காற்றில் நின்றன. நின்றன என்றா சொன்னேன், மிதந்தன.

அவருடைய மகனின் படமும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவனும் மிதந்தான். பக்கத்தில் நடந்த எழுபது வயதுக்காரரும் கொஞ்சம் மிதந்தார். நடைப் போட்டி உலகத்தின் பெரிய இரகசியம் இதுதான்: கமராவுக்கு முன்னால் எல்லோரும் பறக்கிறார்கள். அதனால்தான் விதியில் "மனிதக் கண்ணுக்கு" என்று போட்டிருக்கிறார்கள். கமரா கண்டால் குற்றமில்லை, நான் கண்டால்தான் குற்றம். எனக்குத் தெரிந்து இவ்வளவு கருணையோடு எழுதப்பட்ட சட்டம் வேறில்லை. இதையெல்லாம் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். என் பொறுமைதான் அவரைக் கூடுதலாக எரிச்சல்படுத்தியது என்று நினைக்கிறேன்.

அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்படியானால், உன் கண்பார்வை மோசமாக இருப்பதால்தான் இந்த விளையாட்டு உயிரோடிருக்கிறதா?"

கேக் கொண்டுவா

மிரெல்லாவை நான் முதலில் பார்த்தது இலையுதிர் காலத்துப் போட்டி ஒன்றில். இதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம். மற்றவர்கள் இடுப்பை ஆட்டி ஆட்டி, எங்கோ அவசரமாகப் போகவேண்டியவர்கள்போல நடந்தார்கள். மிரெல்லாவின் இடுப்பு, எண்ணெய் போட்ட இயந்திரம்போலச் சுழன்றது. தோள் அசையவில்லை. தலையில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்திருந்தாலும் சிந்தாது. ஐம்பதை நெருங்கும் பெண், தன் பாதி வயதுக்காரர்களைத் தாண்டிப் போனார். பிறகு களைத்தார். களைத்ததும் இடது முழங்கால் மெல்ல மடங்கத் தொடங்கியது. நான் ஒரு சிவப்பு எழுதினேன். வேறு இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள். கிர்ஸ்டன் தெருவில் இறங்கிச் சிவப்புத் தட்டைக் காட்டினார். மிரெல்லா இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. விளங்காதவரும் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வினை. டென்மார்க்கில் வேலைத் தலத்தில் சொதப்பினவர் அடுத்த நாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவருவது வழக்கம். அவமானத்தைத் தின்று முடித்துவிடலாம் என்பது இவர்களின் நம்பிக்கை. எங்கள் சங்கத்திலும் வெளியேற்றப்பட்டவர் அடுத்த போட்டிக்குக் கேக் கொண்டுவரவேண்டும். கிர்ஸ்டன் சிரித்த முகத்தோடு போய் இதைச் சொன்னபோது, மிரெல்லா அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். அவர் நாட்டில் ஒரு சம்பியன் வெளியேற்றப்பட்டால் பத்திரிகையில் எழுதுவார்கள், விசாரணை வைப்பார்கள். கேக் கேட்கமாட்டார்கள்.

ஆனாலும் அடுத்த போட்டிக்கு ஒரு பாதாம் கேக்கோடு வந்தார். செங்கல் மாதிரி இருந்தது. பல் வைத்தியரான கிர்ஸ்டனே அதைத் தொழில்முறைக் கவலையோடுதான் பார்த்தார். மிரெல்லா முதல் துண்டை வெட்டி நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்: "கவனமாகக் கடி. இது மடங்காது."

வசந்தி கேட்ட கேள்வி

என் மனைவி வசந்தி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். அங்கே இடுப்பு எலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி எழுந்து நடக்கப் பழக்குவதற்குப் புதிதாக ஒரு சிகிச்சையாளர் வந்திருக்கிறார் என்று முன்பே சொல்லியிருந்தார். அது மிரெல்லா என்று எனக்குத் தெரியாது. காற்றாலை வேலைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து எஸ்பியர்க்குக்குக் குடிவந்தவராம். நான் சிவப்பு எழுதிய வாரம் வசந்தி வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கினார்.

"உங்களுக்குச் சிவப்பு அட்டை குடுக்க வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

"அவ முழங்காலை மடக்கினவ."

"இந்த வயசிலை ஆர்தான் மடக்கேல்லை? நீங்கள் பஸ்ஸுக்கு ஓடேக்கை உங்கடை முழங்காலை ஆரும் பாத்தவையே?"

"பஸ்ஸுக்கு ஓடலாம். அதுக்கு விதியில்லை."

வசந்தி கதிரையில் உட்கார்ந்து, மிரெல்லா தேநீர் நேரத்தில் சொன்னதைச் சொன்னார். நாட்டுக்காக நடந்த கடைசிப் போட்டி. இருபது கிலோமீற்றர். மிரெல்லாதான் முன்னுக்கு. மைதானத்துக்குள் வந்து, முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு மனிதர் சிவப்புத் தட்டோடு எதிரே வந்து நின்றார். அதோடு நடையை விட்டவர், இங்கே வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மறுபடி தொடங்கியிருக்கிறார். "இண்டைக்கும் அவவின்ரை பேரைப் போட்டுத் தேடினா, கடைசி வரியிலை தகுதி நீக்கம் எண்டுதான் நிக்குது. அதுக்குக் கீழை ஒரு இருபது கிலோமீற்றர் முடிச்ச நேரம் விழவேணும். அவ்வளவுதான் அவவுக்கு. முதலாவதா வாறதெல்லாம் வேண்டாமாம்."

அது முழங்காலின் கையில் இருக்கிறது, நடுவரின் கையில் இல்லை என்றேன். சரியான வசனம், பிழையான நேரம். வசந்தி எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கிருந்து குரல் வந்தது: "மணவறையிலை தாலிக்கொடியின்ரை கொழுக்கி சரியாப் பூட்டிச்சோ எண்டு ஐயரை நிப்பாட்டிப்போட்டு ரெண்டாந்தரம் இழுத்துப் பாத்த மனிசன் நீங்கள். உங்களோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

பிரதம விருந்தினர்

அடுத்த கோடையில் ஸ்கீவ நகரில் தமிழர் விளையாட்டு விழா நடந்தது. கரண்டியில் தேசிக்காய் ஏந்தி ஓடுகிற ஓட்டம், கயிறு இழுத்தல், வினோத உடை, கொத்துரொட்டிக் கூடாரம் என்று எல்லா அம்சங்களும் உண்டு. பிரதம விருந்தினருக்கு மட்டும் பஞ்சம். வசந்தி மிரெல்லாவின் பெயரைச் சொன்னார். சர்வதேசச் சம்பியன் என்றதும் விழாக்குழுவுக்குத் தாங்கவில்லை. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், விசிறி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டார்கள்.

அறிவிப்பாளர் ரவி அண்ணை. மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல். அவரிடம் மைக்கும் இருந்தது. மிரெல்லாவின் சாதனைப் பட்டியலைக் கைபேசியில் எடுத்து, வரிக்கு வரி தமிழாக்கிக்கொண்டே வாசித்தார். "தேசிய சம்பியன்" என்றார். கைதட்டினார்கள். "வெள்ளிப் பதக்கம்" என்றார். தட்டினார்கள். ஒவ்வொரு வரிக்கும் குரல் ஒரு படி ஏறியது. கடைசி வரிக்கு வந்தபோது அது கோபுர உச்சியில் இருந்தது. அந்த வேகத்தில் அவருக்கு நிறுத்த முடியவில்லை. "இறுதியாக, இருபது கிலோமீற்றரில், தகுதி... நீக்கம்" என்று முழங்கினார். பட்டம் கொடுப்பதுபோன்ற குரல். அன்று சனம் தட்டியதில் அதுதான் பெரிய கைதட்டல். பின்வரிசையில் யாரோ விசிலும் அடித்தார்.

மிரெல்லா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த என்னிடம், கடைசியாக என்ன சொன்னார்கள், அதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டார். மொழிபெயர்ப்பில் பொய் சொல்ல எனக்கு வராது. உள்ளதைச் சொன்னேன். பொன்னாடையின் கரையைத் தடவிப் பார்த்தார்.

"இந்த வரிக்கு இதுவரைக்கும் ஒருவரும் கைதட்டியதில்லை," என்றார்.

குக்கருக்கு உரியவர் இல்லை

அதே விழாவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு வேக நடைப் போட்டி வைத்தார்கள். பரிசு, சோறு அவிக்கிற மின்சாரக் குக்கர். என்னிடம் கேட்டது விசில் ஊதித் தொடங்கிவைக்கும்படி மட்டும்தான். நான் நடுவர் உடுப்போடு போனது என்னுடைய பிழை என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

விசில் ஊதினேன். அத்தனை பேரும் ஓடினார்கள். ஓட்டம் என்றால் ஒளிவுமறைவில்லாத ஓட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழாக்குழுத் தலைவர் முன்னுக்குப் போனார். அவரை ஒட்டியே கொத்துரொட்டிக் கூடாரத்துக்காரர். எட்டு வைத்து நடந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் விதியை மனதுக்குள் ஒருதரம் ஓதிக்கொண்டேன். பிறகு கோட்டைத் தாண்டி வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகத் தகுதி நீக்கம் செய்தேன். தலைவர் இது எங்கட விழா என்றார். முழங்கால் எல்லா விழாவிலும் ஒன்றுதான் என்றேன். மிரெல்லா மாலையும் கழுத்துமாகக் கதிரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு அட்டை பார்த்து அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

குக்கரைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். ரவி அண்ணை மைக்கை அணைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்: "தம்பி, அடுத்த வருஷம் உம்மைச் சாக்கு ஓட்டத்துக்குப் போடுறம். அதிலை கால் தெரியாது."

ஒரு கார் நிறைய நடுவர்கள்

அதற்குப் பிறகும் மிரெல்லா இருபது கிலோமீற்றரில் இரண்டு மூன்று முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் களைப்பு வரும் இடத்தில் முழங்கால் மடங்கியது. ஒவ்வொரு முறையும் கேக் வந்தது. கேக்கில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது.

பிறகு ஒரு வசந்த காலத்தில், எஸ்பியர்க் துறைமுகத் தெருவில் போட்டிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது, மிரெல்லா கோப்பி மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்களாம். முழங்காலை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கப்போகிறார்கள். பிறகு கடைக்கு நடக்கலாம், கடற்கரையில் நடக்கலாம், போட்டியில் நடக்க முடியாது. ஆகவே நாளைக்கு நடப்பதுதான் கடைசி. சொல்லிவிட்டு, "நீ என்ன பார்க்கிறாய், சொல்," என்றார்.

"இடது முழங்கால்."

"அது வைத்தியருக்கும் தெரியும். வேறு?"

"வேறு பிழை ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் அழகு."

"அழகுக்கு உங்களிடம் அட்டை இல்லையே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் கிர்ஸ்டனிடம் போய், என்னை நாளைய போட்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். மனைவியோடு வேலை செய்கிறவர், விழாவில் பக்கத்தில் இருந்தவர், நடுநிலைக்கு அது அழகல்ல என்று மூன்று காரணங்களோடு விளக்கினேன். கிர்ஸ்டன் கோப்பியைக் கடைசித் துளிவரை குடித்து முடித்தார். "இந்த நாட்டில் நடைப் போட்டி நடுவர்களை எல்லாம் ஒரே காரில் ஏற்றிவிடலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெரிந்தவர் என்று இறங்கத் தொடங்கினால், காரை ஓட்டுகிற நானும் இறங்கவேண்டியதுதான்."

துறைமுகத் தெரு

எஸ்பியர்க் துறைமுகத்தில் காற்றுக்கு விடுமுறை கிடையாது. தெருவின் ஒரு பாதியை மூடி, போய்த் திரும்புகிற சுற்றுப்பாதை போட்டிருந்தார்கள். நண்பகலுக்கு முன் தெருவைத் திறந்துவிடவேண்டும் என்பது துறைமுகத்தாரின் நிபந்தனை. அதற்குள் கோட்டைத் தாண்டாதவருக்கு நேரம் பதிவாகாது. மூடிய இடத்துக்கு அப்பால் ஒரு பார லொறி காத்து நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கிவிட்டு, வேறு வழியில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சுடுதண்ணிப் போத்தலில் தேநீரோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். நடுவருக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றேன். நகர்ந்தார், ஒரு அடி.

முதல் பாதி முழுவதும் மிரெல்லா முன்வரிசையில் போனார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு ஒரு திருப்பத்தில் இடது முழங்கால் மடங்கியது. மஞ்சள் தட்டைத் தூக்கினேன். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த சுற்றிலும் மடங்கியது. சிவப்பு எழுதினேன். ஒரு நடுவர் ஒரு நடையாளருக்கு ஒரு சிவப்புத்தான் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அவருக்கு நான் தெருவோரத்து மரம். நான் எழுதுவதைக் கண்ட வசந்தி, போத்தலையும் எடுத்துக்கொண்டு தெருவின் மறுபக்கத்துக்கே போய்விட்டார்.

சற்று நேரத்தில் அறிவிப்புப் பலகையில் மிரெல்லாவின் இலக்கத்துக்கு நேரே இரண்டாவது சிவப்புப் புள்ளியும் ஏறியது. நோர்வேயிலிருந்து வந்த நடுவர் கொடுத்தது. இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. மிரெல்லா பலகையைக் கடக்கும்போது அதைப் பார்த்தார். அந்த வேகத்தில் இனி ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மடங்கும் என்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது சிவப்பு யாருடைய கையால் என்பதுதான் மிச்சம்.

அடுத்த சுற்றில் என்னைத் தாண்டியபோது அவருடைய இடுப்பு சுழலவில்லை. காலில் தசை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. மடித்திருந்த கைகளைக் கீழே விட்டார். மூச்சு ஆறியது. வேகம் குறைந்து குறைந்து, தபால் பெட்டியைப் பார்க்கப் போகிறவரின் நடை வந்தது. முழங்கால் அடிமட்டக் கோல்போல நிமிர்ந்து நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். அவரை ஒருநாளும் முந்தியிராத ஒரு பெண் தாண்டிப் போய்விட்டு, நம்பாமல் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

வசந்தி தெருவோரமாகக் கூடவே நடந்துகொண்டு, "என்ன, ஏலாமல் இருக்கா?" என்று டெனிஷில் கேட்டார்.

"இல்லை. நடக்கிறேன்," என்றார் மிரெல்லா, திரும்பிப் பார்க்காமல்.

ஒரு சம்பியனுக்கு இது எவ்வளவு சிரமம் என்பதை விளையாடாதவர்கள் உணர்வது கடினம். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு தசையையும் அவசரத்துக்குப் பழக்கியவர். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடுப்பு தன்பாட்டில் சுழலத் தொடங்குவதையும், மிரெல்லா அதை அதட்டி அடக்குவதையும் கண்டேன். மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்டு, போர்வை போர்த்துக்கொண்டு கோப்பி குடிக்கப் போனார்கள். நாங்கள் நடுவர்கள் மட்டும், கடைசி ஆள் முடியும்வரை நிற்கவேண்டுமென்பதால், குளிரில் நின்றோம். ஒரு ஆளின் இரண்டு முழங்காலை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நூறு மீற்றர் தலைமை நடுவருக்கு உரியது. அங்கே அவர் தனியாகவே ஒருவரை வெளியேற்றலாம். முன்னே எத்தனை சிவப்பு இருந்தது என்ற கணக்குத் தேவையில்லை. கிர்ஸ்டன் அங்கே போய், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். மிரெல்லா அந்தக் கையைக் கண்டுகொண்டார். நேரம் பார்ப்பவர் கூடாரத்துக்குள்ளிருந்து, தெரு திறக்கப்போகிறது, கெதியாக வா என்று கூப்பிட்டார். லொறிச் சாரதி எஞ்சினைத் தொடக்கினார். கெதியாகப் போனால் முழங்கால் மடங்கும்; ஆறுதலாகப் போனால் தெரு திறந்துவிடும். நான் நடுவர் என்பதை மறந்து, சப்பாத்துக்குள் என் கால் பெருவிரலை நிலத்தில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

மிரெல்லா கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதே நடையில் கிர்ஸ்டனைக் கடந்தார், அதே நடையில் கோட்டைக் கடந்தார். தடுப்புக் கம்பிகளைத் தூக்க வந்தவர்கள் கம்பியில் கை வைத்தபடியே நின்றார்கள். கிர்ஸ்டன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த சிவப்புத் தட்டை எடுத்துக் கூடாரத்து மேசையில் குப்புற வைத்தார்.

"நேரம்?" என்றார் மிரெல்லா.

நேரம் பார்ப்பவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். சங்கத்தின் வரலாற்றில் அவ்வளவு மோசமான நேரத்தை அவர் எழுதியிருக்கமாட்டார். மிரெல்லா அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கையை நீட்டி வசந்தியிடமிருந்து தேநீரை வாங்கினார். வசந்தி எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

தடுப்பை எடுத்ததும் லொறி மெல்ல நகர்ந்து எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. சாரதி தலையை வெளியே நீட்டி, நடுவர் உடுப்பில் இருந்த என்னிடம் சொன்னார்: "நடைப் போட்டி என்று சொல்லித்தான் தெருவை மூடினார்கள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நடந்தது அந்த ஒரு அம்மாதான்."

வேகமாகப் போகிறவர்களைப் பிடிப்பதற்கு எங்களுக்கு இரண்டு விதியும் இரண்டு நிறத் தட்டும் தந்திருக்கிறார்கள். சும்மா நடந்து முடித்துவிட்டுப் போகிறவரை என்ன செய்வதென்று எந்த நடுவருக்கும் இன்றுவரை ஒருவரும் சொல்லித்தரவில்லை.